மக்கள் விட்டுப் போகாத நகரம்

ரோம் நகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் விரைவு ரயில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் நேப்பல்ஸை அடைந்துவிடும். பயணம் சொகுசாகவே இருக்கும். ஆனால், ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து கரிபால்டி சதுக்கத்தில் கால் வைத்ததும் புதிதாக வந்தவர் சற்றுத் திகைத்துத்தான் போவார். நான்கு பக்கமிருந்தும் ஸ்கூட்டர்கள் பாய்ந்து வரும். ஒரே ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, நடுவில் குழந்தை, முன்னால் காய்கறிப் பை என ஒரு குடும்பமே போய்க்கொண்டிருக்கும். பேருந்துக்கும் காருக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தால் போதும், அதற்குள் ஒருவர் வண்டியை நுழைத்துவிடுவார். ஹாரன் ஒலி ஓயாது. நடைபாதையில் கைப்பைகளும் கைப்பேசி உறைகளும் பரப்பப்பட்டிருக்கும். நடக்க வேண்டியவர்கள் சாலையில் இறங்கி நடப்பார்கள்.

இங்கே போக்குவரத்து விளக்கு இல்லாத இடத்தில் சாலையைக் கடப்பதே ஒரு கலை. வண்டிகள் நிற்கட்டும் என்று ஓரமாகக் காத்திருப்பவர் நெடுநேரம் அங்கேயே நிற்க வேண்டியதுதான். உள்ளூர்வாசி அப்படிக் காத்திருப்பதில்லை. வரும் ஓட்டுநரின் கண்ணைப் பார்க்கிறார்; பிறகு சீரான வேகத்தில் நடக்கத் தொடங்குகிறார். அவர் ஓடுவதில்லை, பாதி வழியில் தயங்கி நிற்பதுமில்லை. வண்டிகள் அவரைச் சுற்றி வளைந்து செல்கின்றன. ஹாரன் ஒலியும் பெரும்பாலும் கோபத்தின் அடையாளமன்று. 'நான் வருகிறேன், பார்த்துக்கொள்' என்று சொல்லும் அறிவிப்பு அது. வெளியூர்க்காரருக்குக் குழப்பமாகத் தோன்றும் இடத்தில் ஊர்க்காரர்களுக்கு ஓர் ஒழுங்கு தெரிகிறது. (இந்த முறையை வேறு ஊர்களில் முயன்று பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

பேச்சும் அப்படித்தான். இரண்டு பேர் கைகளை வீசி உரக்கப் பேசினால் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. மீன் விலையைப் பற்றிக்கூட அவர்கள் அப்படிப் பேசக்கூடும். விரல் நுனிகளைக் குவித்து மேலும் கீழும் ஆட்டினால் 'என்னதான் சொல்ல வருகிறாய்?' என்று பொருள். நேப்பல்ஸ் மக்களின் கைச்சைகைகளைப் பற்றி அந்திரேயா தெ யோரியோ என்னும் பாதிரியார் 1832ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதினார். பழங்கால ஓவியங்களிலும் ஜாடிகளிலும் காணப்படும் சைகைகளைத் தம் காலத்துத் தெருக்களில் கண்ட சைகைகளோடு அவர் ஒப்பிட்டுப் பார்த்தார்.

பழங்காலத்தையும் தெருவையும் அவர் இணைத்துப் பார்த்ததில் வியப்பில்லை. நேப்பல்ஸின் பழைய நகரம் அப்படிப்பட்டது. ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர்கள் இங்கு ஒரு நகரை அமைத்து, அதற்கு 'நெயாபோலிஸ்' என்று பெயரிட்டனர். 'புதிய நகரம்' என்பது அதன் பொருள். அந்தப் பெயரே தேய்ந்து இத்தாலிய மொழியில் 'நாப்போலி' ஆயிற்று. கிரேக்கர்கள் மூன்று நீண்ட தெருக்களை இணையாக அமைத்து, அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பல குறுகிய சந்துகளையும் வகுத்தனர். ரோமானியர் வந்தனர், அவர்களுக்குப் பின் பைசாந்தியர், நார்மானியர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர் என ஆட்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். தெருக்களோ இடம் மாறவில்லை. அவற்றுள் ஒன்றை இன்று 'ஸ்பாக்கநாப்போலி' என்று அழைக்கிறார்கள். 'நேப்பல்ஸைப் பிளப்பது' என்று அதற்குப் பொருள். நகருக்கு மேலே உள்ள வொமேரோ குன்றில் நின்று பார்த்தால், செங்கல் நிறக் கூரைகளுக்கு இடையே கத்தியால் கீறியதுபோல் அந்தத் தெரு நேராக ஓடுவது தெரியும்.

இந்த வரலாற்று மையத்தை 1995ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால், மரபுடைமைத் தளம் என்றதும் மனத்தில் தோன்றும் அமைதியான, துடைத்துவைத்த கட்டடங்களை இங்கே எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். சுவர்களில் கிறுக்கல்கள் இருக்கும். சாயம் உதிர்ந்த கதவுக்குப் பக்கத்தில் நானூறு ஆண்டுப் பழமையான கல்வளைவு நிற்கும். அதன் கீழே ஒருவர் ஸ்கூட்டரைப் பழுதுபார்த்துக்கொண்டிருப்பார். சந்துகள் குறுகியவை, இருபுறமும் ஐந்தாறு மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்பதால் வெயில் தரையைத் தொடும் நேரம் குறைவு. அதனால்தான் துணிகளை மேலே, ஒரு கட்டடத்திலிருந்து எதிர்க் கட்டடத்திற்குக் கட்டிய கயிறுகளில் காயப்போடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அவற்றை ஆவலோடு படம் எடுக்கிறார்கள். அங்கு வாழ்பவருக்கு அது நாளைக்குப் பள்ளிக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டை.

இந்நகரின் வயதை உணர வேண்டுமானால் மண்ணுக்குக் கீழே இறங்க வேண்டும். சான் லொரென்சோ மஜ்ஜோரே என்னும் தேவாலயம் பழைய நகரின் நடுவில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டப்படத் தொடங்கிய கட்டடம் அது. அதன் உள்முற்றத்திலிருந்து படிகளில் கீழே இறங்கினால் ரோமானியர் காலத்துத் தெரு ஒன்று வருகிறது. இருமருங்கிலும் கடைகள் இருந்த அறைகள் இருக்கின்றன. ரொட்டி சுட்ட அடுப்பும், துணி வெளுத்த தொட்டிகளும், நகரக் கருவூலமாக இருந்த அறையும் இன்றும் அடையாளம் காணும்படி உள்ளன. படியேறி மீண்டும் மேலே வந்தால் அதே இடத்தில் இன்றைய கடைத்தெரு இரைச்சலிடுகிறது. கீழே அடுப்பு அணைந்துவிட்டது; மேலே இன்னும் ரொட்டி வெந்துகொண்டிருக்கிறது.

இன்னும் ஆழத்தில் வேறோர் உலகம் உண்டு. நேப்பல்ஸின் நிலம் பெரும்பாலும் 'தூஃபோ' என்னும் மஞ்சள் நிறக் கல்லால் ஆனது. எரிமலைச் சாம்பல் பல்லாயிரம் ஆண்டுகளாக இறுகி உண்டான கல் அது. எளிதில் வெட்டலாம், எடையும் குறைவு. கிரேக்கர் காலந்தொட்டு மக்கள் தங்கள் காலடியிலேயே இந்தக் கல்லை வெட்டி எடுத்து, அதற்கு மேலேயே வீடு கட்டினர். வெட்டிய இடத்தில் உண்டான குகைகள் வீணாகவில்லை. அவை நீர்த்தேக்கங்கள் ஆயின. சுரங்கக் கால்வாய்கள் வழியாகத் தண்ணீர் அவற்றை வந்தடைந்தது. ஒவ்வொரு வீட்டிற்கும் கீழே ஒரு கிணறு. அந்தக் கிணற்றின் அடியில் ஒரு பெரிய தொட்டி.

இந்தத் தொட்டிகளைத் துப்புரவு செய்யத் தனித் தொழிலாளர்கள் இருந்தனர். சுவரில் வெட்டப்பட்ட சிறு குழிகளில் கால் வைத்துக் கிணறுகளில் ஏறி இறங்குவது அவர்களது அன்றாட வேலை. உருவம் சிறியதாக இருந்தால்தான் அந்தக் குறுகிய வழிகளில் நுழைய முடியும். நேப்பல்ஸில் 'முனாச்சியெல்லோ' என்னும் குட்டிச் சாமியாரைப் பற்றிய கதை ஒன்று வழங்குகிறது. அது வீட்டுக்குள் திடீரென்று தோன்றும், பொருளை ஒளித்துவைக்கும், சில சமயம் காசு போட்டுவிட்டும் போகும். கிணற்று வழியாக வீட்டுக்குள் ஏறி வரக்கூடிய துப்புரவுத் தொழிலாளிகளைப் பார்த்துத்தான் இந்தக் கதை பிறந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். கூலி சரியாகக் கொடுக்காத வீட்டில் பொருள் காணாமல் போயிருந்தால் அதில் புதிரொன்றும் இல்லை.

1884ஆம் ஆண்டு காலரா நோய் நகரைத் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அசுத்தமான தண்ணீரும் நெரிசலான வீடுகளுமே காரணம் என்று உணர்ந்த அரசு, புதிய குழாய் நீர்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. பல பழைய குடியிருப்புகளை இடித்து அகலமான சாலைகளையும் அமைத்தது. நிலத்தடித் தொட்டிகள் மறக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போதுதான் மக்கள் மீண்டும் அவற்றைத் தேடிச் சென்றனர். இத்தாலிய நகரங்களுள் மிக அதிகமான குண்டுவீச்சுக்கு ஆளான நகரம் நேப்பல்ஸ். அபாயச் சங்கு ஊதியதும் குடும்பங்கள் நாற்பது மீட்டர் ஆழத்திற்கு ஓடி இறங்கின. அங்கேயே சமைத்தன, உறங்கின. இன்று வழிகாட்டியுடன் கீழே செல்பவர்கள் அந்நாளில் கைவிடப்பட்ட கட்டில்களையும் பொம்மைகளையும் பார்க்கலாம். சுவரில் விமானப் படங்களும் பெயர்களும் கீறப்பட்டுள்ளன. 1943 செப்டம்பர் 27 முதல் 30 வரை, நான்கு நாள்கள், ஜெர்மானியப் படையை எதிர்த்து நகர மக்களே ஆயுதம் ஏந்தினர். தெருச் சிறுவர்களும் அதில் போரிட்டனர். நேசநாட்டுப் படைகள் உள்ளே வந்தபோது ஜெர்மானியர்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்தனர்.

நிலத்தடியில் இத்தனை வரலாறு இருப்பதால் இன்றைய பொறியாளர்களுக்குத்தான் தொல்லை. முதலாம் தட நிலத்தடி ரயிலுக்கான வேலை 1976ஆம் ஆண்டு தொடங்கியது. முதற்பகுதி 1993இல்தான் திறக்கப்பட்டது. துறைமுகத்திற்கு அருகே தோண்டியபோது ரோமானியர் காலத்து மரக்கலங்களே கிடைத்தன. ஒவ்வொரு முறையும் வேலை நின்றது, தொல்லியலாளர்கள் வந்தார்கள். ஊர்மக்கள் முணுமுணுத்தார்கள். இருப்பினும், 2012இல் திறக்கப்பட்ட தொலேதோ நிலையத்தின் நீலச் சுவர்களைக் காணவே பயணிகள் சீட்டு வாங்கி இறங்குகிறார்கள்.

தொலேதோ நிலையத்திலிருந்து வெளியே வந்தால் மேற்கே ஸ்பானியர் குடியிருப்பு இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் ஆளுநராக இருந்த பேத்ரோ தெ தொலேதோ, தம் படைவீரர்களுக்காக அமைத்த பகுதி இது. மேட்டில் ஏறும் சந்துகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. இங்கே தரைத்தளத்தில் 'பாஸ்ஸோ' எனப்படும் ஓரறை வீடுகள் உண்டு. வாசல் நேராகத் தெருவில் திறக்கும். சில வீடுகளில் சன்னலே இருக்காது. அடுப்பு, கட்டில், தொலைக்காட்சி எல்லாம் அந்த ஓர் அறையில்தான். ஆகவே, தெருவே கூடமாகிவிடுகிறது. பாட்டி வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து பட்டாணி உரிப்பார். பிள்ளைகள் எதிர்ச் சுவரில் பந்து உதைப்பார்கள். மேல்மாடியில் வசிப்பவர்கள் கயிற்றில் கட்டிய கூடையைப் பால்கனியிலிருந்து கீழே விடுவார்கள். கடைக்காரர் அதில் ரொட்டியையும் தக்காளியையும் வைத்ததும் கூடை மேலே போகும். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடியிலிருக்கும் மூதாட்டிக்கு அந்தக் கூடைதான் கைகால்.

இப்பகுதியின் ஒரு சிறிய சதுக்கத்தில், ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுவதும் காற்பந்து வீரர் தியேகோ மரடோனாவின் ஓவியம் இருக்கிறது. அவர் 1984இல் நாப்போலிக் குழுவில் சேர்ந்தார். அதுவரை இத்தாலியின் பணக்கார வடபகுதிக் குழுக்களே பெரும்பாலும் கிண்ணத்தைத் தட்டிச் சென்றன. தெற்கிலிருந்து வந்தவர்களை வடக்கே ஏளனமாகப் பேசும் வழக்கமும் இருந்தது. 1987இலும் 1990இலும் நாப்போலி வெற்றியாளர் ஆனபோது, அது விளையாட்டு வெற்றி மட்டுமாக இருக்கவில்லை. 2020இல் மரடோனா மறைந்தபோது நகரின் விளையாட்டரங்கத்திற்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

ஏழ்மை இந்நகரின் உணவிலும் தன் முத்திரையைப் பதித்திருக்கிறது. உலகமெங்கும் பரவிய பீட்சா, முதலில் நேப்பல்ஸின் ஏழைகள் தெருவில் நின்றபடி தின்ற உணவு. இன்றும் அதை நான்காக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே உண்ணலாம். முன்பு காசில்லாதவர்கள் பீட்சாவை இன்று தின்றுவிட்டு, எட்டு நாள் கழித்துப் பணம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. 2017ஆம் ஆண்டு நேப்பல்ஸ் பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ மானுடத்தின் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. காப்பிக் கடையிலும் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு காப்பி குடிப்பவர் இரண்டு காப்பிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். பின்னால் வரும் ஏழை ஒருவர், "எனக்கு நிறுத்திவைத்த காப்பி இருக்கிறதா?" என்று கேட்டு அதைக் குடிக்கலாம். கொடுத்தவர் யாரென்று குடித்தவருக்குத் தெரியாது. குடித்தவர் யாரென்று கொடுத்தவருக்கும் தெரியாது.

இவ்வாறு சொல்லிக்கொண்டே போனால் நேப்பல்ஸில் எல்லாம் இனிமை என்று எண்ணத் தோன்றும். அப்படி இல்லை. வேலையின்மை இங்கே நெடுநாள் நோய். 'கமோரா' என்னும் குற்றக் கும்பல்கள் கடைக்காரர்களை மிரட்டிப் பணம் பறித்திருக்கின்றன. 2008ஆம் ஆண்டில் குப்பை அள்ளுவார் இல்லாமல் தெருக்களில் மலைபோல் குவிந்து கிடந்தது. வண்டிகளின் நெரிசலை வேடிக்கை பார்ப்பது வேறு; அதே நெரிசலில் மருத்துவ வண்டி சிக்கிக்கொள்வது வேறு. குழப்பத்தை அழகென்று புகழ்வது ஓரிரு நாள் தங்கிச் செல்பவருக்கு எளிது.

நேப்பல்ஸிலிருந்து உள்ளூர் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்திற்குள் பொம்பெயியை அடையலாம். கி.பி. 79ஆம் ஆண்டு வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்துபோன நகரம் அது. 1748இல் அகழாய்வு தொடங்கியது. அங்கே எல்லாமே ஒழுங்காக இருக்கிறது. தெருக்கள் நேராக இருக்கின்றன. வண்டிச் சக்கரங்கள் பதிந்த தடங்களும், மழைநாளில் கால் நனையாமல் கடக்கப் போட்ட கற்களும் அப்படியே உள்ளன. உணவுக் கடையின் மேடையில் பானை வைக்கும் குழிகளைக் காணலாம். தேர்தல் வாசகங்கள்கூடச் சுவரில் எழுதப்பட்டிருந்தன. ஹாரன் இல்லை, கூச்சல் இல்லை, காயும் துணிகள் இல்லை. இரண்டு நகரங்களையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு வேறுபாடு சட்டென்று விளங்கும். ஒன்றில் வாழ்க்கை ஒரே நாளில் நின்றுவிட்டது. மற்றொன்றில் அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. நேப்பல்ஸின் ஒழுங்கின்மைக்குப் பெரும் காரணம் இதுதான். கிரேக்கர்கள் கால்நடைக்கும் கழுதைக்கும் வகுத்த சந்தில் இன்று ஸ்கூட்டரும் சரக்கு வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் செல்கிறார்கள்.

பொம்பெயியைப் புதைத்த மலை இன்னும் அங்கேதான் நிற்கிறது. 1,281 மீட்டர் உயரமுள்ள வெசுவியஸ் கடைசியாக 1944 மார்ச்சில் வெடித்தது. அதன் சரிவுகளிலும் அடிவாரத்திலும் 25 ஊர்கள் 'சிவப்பு வட்டாரம்' என்று குறிக்கப்பட்டுள்ளன. அங்கே ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் வாழ்கின்றனர். ஆபத்து நெருங்கினால் 72 மணி நேரத்தில் அவர்கள் அனைவரையும் வெளியேற்ற அரசு திட்டம் வகுத்துள்ளது. எந்த ஊர் மக்கள் இத்தாலியின் எந்த மாநிலத்திற்குச் செல்ல வேண்டும் என்பதும் முடிவு செய்யப்பட்டிருக்கிறது. 1841இல் நிறுவப்பட்ட வெசுவியஸ் ஆய்வகம், உலகின் மிகப் பழைய எரிமலை ஆய்வகம். இரவும் பகலும் மலையைக் கண்காணிக்கிறது. மக்களோ அறிவியலோடு தெய்வத்தையும் நம்புகிறார்கள். 1631இல் எரிமலை சீறியபோது நகரைக் காத்தவர் புனித ஜென்னாரோ என்பது அவர்கள் நம்பிக்கை. அந்நிகழ்வின் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 16ஆம் நாள் பேராலயத்தில் கூடுகிறார்கள். கண்ணாடிக் குப்பியில் உறைந்திருக்கும் புனிதரின் இரத்தம் இளகுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

ஆனால், இப்போது ஊரை அதிகம் அசைப்பது வெசுவியஸ் அன்று. நகருக்கு மேற்கே உள்ள கம்பி ஃபிளெக்ரேயி என்னும் பெரிய எரிமலைப் பள்ளம்தான். அங்குள்ள பொத்ஸுவோலி ஊரில் நிலம் மெல்ல உயர்வதும் தாழ்வதுமாக இருக்கிறது. ரோமானியச் சந்தை ஒன்றின் மூன்று பளிங்குத் தூண்களில், கடல்வாழ் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் பல மீட்டர் உயரத்தில் காணப்படுகின்றன. ஒரு காலத்தில் அத்தூண்கள் கடலில் மூழ்கியிருந்தன என்பதற்கு அவையே சான்று. 1982 முதல் 1984 வரை நிலம் ஏறக்குறைய 1.8 மீட்டர் உயர்ந்தது. துறைமுகம் ஆழம் குறைந்து, படகுகள் தரைதட்டின. 2005 முதல் நிலம் மீண்டும் உயர்ந்து வருகிறது. 2024 மே மாதம் ரிக்டர் அளவில் 4.4ஆகவும், 2025 மார்ச்சில் 4.6ஆகவும் நிலநடுக்கங்கள் பதிவாயின. பலர் இரவைக் கார்களிலும் திறந்த வெளியிலும் கழித்தனர். இருந்தாலும் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் வேலை, வீடு, உறவு என்று சாதாரணமான காரணங்களைத்தான் சொல்கிறார்கள்.

அந்த ஊரிலேயே போனவர்களின் கதையும் இருக்கிறது. கடலோரப் பாறைமேல் அமைந்த ரியோனே தெர்ரா என்னும் பழைய குடியிருப்பில், 1970 மார்ச்சில் நிலம் உயர்ந்ததால் அங்கிருந்த ஏறக்குறைய 3,000 பேரை அதிகாரிகள் அவசரமாக வெளியேற்றினர். பெரும்பாலோர் மீனவர்களும் ஏழைகளும். சில நாள்தான் என்று நினைத்துப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின் கட்டடங்கள் சீரமைக்கப்பட்டன. சுவர்களுக்கு வண்ணம் பூசப்பட்டது. அடியில் புதைந்திருந்த ரோமானியத் தெருக்களும் திறக்கப்பட்டன. இன்று அது அழகான, தூய்மையான இடம். இரவானால் அங்கே குழந்தையின் அழுகுரல் கேட்பதில்லை.

நேப்பல்ஸின் பழைய நகரில் வாழ்பவர்கள் அஞ்சுவதும் ஏறக்குறைய இதைத்தான். நிலநடுக்கம் இல்லாமலேயே அது நடக்கக்கூடும் என்பதுதான் வேறுபாடு. அண்மை ஆண்டுகளில் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை பெருகிவிட்டது. குடும்பத்திற்கு மாத வாடகைக்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதில் வருமானம் அதிகம். அதனால் பல வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறி வருகின்றன. பாஸ்ஸோக்களும் இதற்கு விலக்கில்லை. வாடகை ஏறும்போது முதலில் வெளியேறுபவர்கள் கையில் பணமில்லாதவர்களே. வெனிஸ் நகரம் அவர்கள் கண்முன் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் வெனிஸின் பழைய தீவு நகரில் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தனர். இப்போது 50,000 பேர்கூட இல்லை.

நாள் வாடகை வீடுகளுக்கு வரம்பு வேண்டும் என்று குடியிருப்போர் குழுக்கள் கேட்கின்றன. பயணிகள் வரத் தொடங்கிய பிறகுதான் சந்துகளில் விளக்கு எரிகிறது, இளைஞர்களுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கிறது என்று கடைக்காரர்கள் வாதிடுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்த விவாதமும் நேப்பல்ஸ் வழக்கப்படி வாசலில் நின்று, கைகளை வீசி, உரத்த குரலில்தான் நடந்துகொண்டிருக்கிறது.